வீட்டு வண்டிக்கு நாலு டயர்

ஏப்ரல் 13

இன்று டயர்க்கடை ஜெயசிங்கின் தாடையை உடைத்தேன்.

அடிக்க வேண்டும் என்று போகவில்லை. என் மச்சினன் காளிராஜை எரித்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அவன் சாவுக்குக் காரணமான டயரை விற்ற மனிதரிடம் நியாயமாக நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் சாத்தூர் பைபாஸில் இருக்கும் அவர் கடைக்குப் போனேன். என் பெண்டாட்டி சந்தனமாரி பின்னால் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஜெயசிங் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கேள்விப்பட்டதுல இருந்து சோறு எறங்கலய்யா, அழகுமலை" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். குரலைத் தாழ்த்தி, "ஏழு மாசம்கூட ஓடாத புது டயர்யா அது. அன்னைக்கு வண்டியில எவ்வளவு எடை ஏத்திருந்தீங்க?" என்று கேட்டார்.

டயர் நெம்புகிற கம்பி பக்கத்தில் கிடந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. முதல் அடி தாடையில், இரண்டாவது தோளில். தாடை எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் டயர் அடுக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்தபோது சந்தனமாரி வந்து சேர்ந்தாள். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவர் முகத்திலேயே அடித்தாள். "எந்தம்பியக் கொன்னுட்டியேடா பாவி" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அவர் கையைத் தூக்கக்கூட இல்லை. வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் சட்டையில் விழுந்தன. திருப்பி அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கூடியவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம்தான் பேசினார்கள். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள், விடுங்கப்பா என்றார்கள். ஒருவர் சந்தனமாரிக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. அடுப்பு பற்ற வைக்கவில்லை. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 16

இது ராட்டினத்தின் தினசரிப் பரிசோதனைப் பதிவேடு. போல்ட் சரி, கிரீஸ் சரி, கம்பிக் கயிறு சரி என்று ஒவ்வொரு நாளும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். நான் ஒரே உட்காரலில் ஒரு மாதத்துக்கு எழுதிவிடுவேன், எந்த அதிகாரியும் கண்டுபிடித்ததில்லை. இப்போது ராட்டினம் ஓடவில்லை, பக்கங்கள் சும்மா கிடக்கின்றன. யாரிடமும் பேசப் பிடிக்காததால் இதில் எழுதுகிறேன்.

ஊர் ஊராகத் திருவிழாவுக்கு ராட்டினம் கொண்டுபோவது எங்கள் பிழைப்பு. ராட்டினத்தின் உத்தரங்களும் ஆள் உட்காரும் தொட்டிகளும் லாரியில் போகும். அதை சவரிமுத்து ஓட்டுவான். நாங்கள் குடியிருக்கும் வீட்டு வண்டியை டிராக்டரில் கட்டி நான் இழுத்துப் போவேன். தகரக் கூரை, நாலு சக்கரம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டில், நடுவில் அடுப்பு. பதினோரு வருஷமாக அதுதான் எங்கள் வீடு.

சந்தனமாரி இல்லாமல் ராட்டினம் சுற்றாது. டிக்கெட் கிழிப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். எந்த ஆளை எந்தத் தொட்டியில் ஏற்றுவது என்று அவளுக்குத்தான் தெரியும். எதிரெதிர்த் தொட்டிகள் ஒரே பாரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராட்டினம் இழுக்கும். வரிசையில் நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். "நீங்க எழுவத்தி மூணு, அந்தப் பக்கம் போங்க" என்பாள். இரண்டு கிலோவுக்கு மேல் தப்பியதில்லை. அவள் பார்வைக்குப் பயந்து மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பதினோராம் தேதி விருதுநகரில் ராட்டினத்தைப் பிரித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். காளி ராத்திரி முழுக்கப் பிரித்த அலுப்பில் வீட்டு வண்டியின் இடது கட்டிலில் தூங்கினான். சந்தனமாரியை லாரியில் முன்னால் அனுப்பியிருந்தேன். கருவேலங்காட்டுக்கு நடுவே போகும் குறுக்குச் சாலையில், பகல் இரண்டு மணிக்கு, இடது பின் டயர் வெடித்தது. வண்டி சாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. கட்டில் சட்டம் காளியின் நெஞ்சில் அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டான், ஒரு சத்தமும் இல்லை. பழைய டயரைப் புதுசு என்று ஜெயசிங் தலையில் கட்டிவிட்டார் என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் கடையைப் பூட்டிவிட்டார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது சந்தனமாரி கேட்டாள்: "குளிப்பாட்டும்போது பாத்தேன் மாமா. நெஞ்சுல சதுரமா ஒரு காயம். நம்ம கட்டிலு உருட்டுக் கம்பிதான?"

"அடுப்பு விழுந்திருக்கும்."

"அடுப்பு வட்டமால்ல இருக்கு."

தட்டைத் தூக்கி எறிந்தேன். கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் எழுதுவேன்.

ஏப்ரல் 17

சந்தனமாரிக்குக் காதோரம் வீக்கம். கதவில் இடித்துக்கொண்டாள் என்று ஷெட்காரரிடம் சொன்னேன். வண்டியை அவர் வெல்டிங் ஷெட்டில்தான் போட்டிருக்கிறோம். கூரையை நிமிர்த்திவிட்டார், அச்சு தப்பித்தது. இனி நாலு டயர்தான் பாக்கி.

ஏப்ரல் 18

மே ஏழாம் தேதிக்குள் வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் நிற்க வேண்டும். இடம் பேசி முடித்தாகிவிட்டது. சந்தனமாரியிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அவள் காளியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"டயர்க்காரன் ஏமாத்திட்டான்னு சொன்னேல்ல?" என்றாள். "அப்ப ஏமாத்தாத டயர் எதுன்னு பாத்து மாட்டு. அது எத்தன கிலோ தாங்கும்னு எங்கண்ணால நான் படிக்கணும். தாங்கும்னு எனக்குத் தோணுச்சுன்னா வண்டியில ஏறுறேன். இல்லேன்னா எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன். பொறகு நீயாச்சு ஒன் ராட்டினமாச்சு."

அவள் போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். இதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 21

சிவகாசியில் ஒரு பெரிய டயர்க்கடை. முதலாளி சின்ன வயசுக்காரன், நெற்றியில் சந்தனம். வீட்டு வண்டிக்கு நாலு டயர் வேண்டும், நல்ல பாரம் தாங்க வேண்டும் என்றேன்.

"எவ்வளவு எடைண்ணே ஏத்துவீங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் இவர்களுக்கு டயர் விற்கத் தெரியாதா? "ரெண்டரை டன், கூடப்போனா ரெண்டே முக்கால்" என்றேன்.

அவன் ஒரு டயரை உருட்டி வந்து பக்கவாட்டில் இருந்த எழுத்தைக் காட்டினான். "நூத்திநாலுன்னு போட்டிருக்கா? ஒரு டயரு தொள்ளாயிரம் கிலோ தாங்கும்னு அர்த்தம். நாலுக்கு மூவாயிரத்து அறநூறு. ஒங்களுக்குத் தாராளம்ண்ணே."

அது ஜெயசிங் கொடுத்த அதே டயர். அதே எழுத்து, அதே நம்பர்.

இதைவிடப் பெரிதாகக் கொடு என்றேன். எதுக்குண்ணே, வண்டி தூக்கிப் போடும், உள்ள சாமான் ஒடையும் என்றான். கொடுடா என்றேன். "ரெண்டரை டன்னுக்கு எதுக்கு? உண்மையச் சொல்லுங்கண்ணே, வேற என்ன ஏத்துறீங்க?" என்று சிரித்தான். சிரித்ததுதான் தப்பு. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடி மேஜையில் மோதினேன். கண்ணாடி நொறுங்கி அவன் முழங்கை கிழிந்தது. உள்ளேயிருந்து நாலு பேர் ஓடி வந்து என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவன் காது மடலை மிதித்துத் திருகினான். பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

ஏப்ரல் 24

இரும்பை எடுத்து வந்தோம்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் இருந்தால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது. ராட்டினம் சாயாமல் இருக்க அடி உத்தரத்தின் மேல் பார இரும்பு வைப்போம். சதுரக் கட்டிகள், ஒன்று ஐம்பது கிலோ, மொத்தம் முப்பத்தாறு. அதையும் லாரியில் ஏற்றினால் லாரி அளவு தாண்டிவிடும், செக்போஸ்டில் நிறுத்துவார்கள். வீட்டு வண்டியை யாரும் நிறுத்துவதில்லை. எட்டிப் பார்த்தால் அடுப்பும் பாயும் கொடியில் சேலையும் தெரியும், போ போ என்று விடுவார்கள். ராட்டினக்காரர்கள் பலபேர் இதைச் செய்கிறார்கள். இரும்பைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி, முன்னால் துணியைத் தொங்கவிட்டால் போதும். மூன்று பயணமாக நானும் செய்தேன். சந்தனமாரிக்குத் தெரியாது. தெரிந்தால் விடமாட்டாள், பாரம் என்றால் அவள் ராட்சசி. வேறு வேன் பிடித்து இரும்பை அனுப்புகிறேன் என்று அவளிடமும் சவரிமுத்துவிடமும் சொல்லிவைத்திருந்தேன். அவள் கண்ணில் படக்கூடாது என்றுதான் மூன்று தடவையும் அவளை லாரியில் அனுப்பினேன்.

எல்லாவற்றையும் இடது கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தேன். வலது பக்கம் டிரங்குப் பெட்டிகள் இருந்தன.

டயர் வெடித்த பிறகு, ஆள் வருவதற்கு முன்னால், முப்பத்தாறையும் தூக்கிப் பக்கத்திலிருந்த வறண்ட ஓடையில் போட்டேன். இரும்போடு போலீஸ் பார்த்திருந்தால் ராட்டின லைசென்ஸ் போயிருக்கும், நான் உள்ளே போயிருப்பேன், சந்தனமாரி தெருவில் நின்றிருப்பாள். நடுவில் அவள் போன் செய்தாள். "பஞ்சர், ஒட்டிக்கிட்டு வர்றேன்" என்று சொன்னேன். பதற்றத்தில் வந்த வார்த்தை. காளி அதற்கு முன்பே போய்விட்டான்.

இன்று சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு போய் ஓடையைக் காட்டியபோது அவன் ஒன்றும் கேட்காமல் இறங்கினான். ஏழெட்டு இரும்பு தூக்கிய பிறகு ஒன்றைத் திருப்பிப் பார்த்து அப்படியே நின்றான். அதில் காய்ந்து போய் ரத்தமும் கொஞ்சம் முடியும் ஒட்டியிருந்தன.

"அண்ணே, இது வேன்ல வந்த இரும்பு இல்ல" என்றான்.

கழுத்தைப் பிடித்து ஓடைக் கரையில் சாய்த்தேன். வாயைத் திறந்தால் உன்னையும் இங்கேயே போட்டுப் புதைப்பேன் என்று சொன்னேன். கண் பிதுங்கும்வரை பிடித்திருந்தேன். விட்டதும் இருமி இருமித் துப்பிவிட்டு, மீதி இரும்பை எல்லாம் தூக்கி லாரியில் வைத்தான். வண்டியில் ஏறும்போது சொன்னான்: "சொல்ல மாட்டேண்ணே. ஆனா வீரபாண்டியோட நான் நின்னுக்கிறேன். காளி எங்கூட ஒரே தட்டுல தின்னவன்."

ஏப்ரல் 26

பதினாறாம் நாள் காரியம். மைத்துனனுக்காக மொட்டை போட்டுக்கொள்ளத் தேவையில்லை என்றார்கள். நான் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 27

கோவில்பட்டியில் இரண்டு கடை. இரண்டிலும் சுவரில் ஒரே நோட்டீஸ். சாத்தூரில் நடந்த தாக்குதலை அடுத்து, வண்டியில் ஏற்றும் எடையை வாடிக்கையாளரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் டயர் கொடுப்பது என்று சுற்றுவட்டார டயர் வியாபாரிகள் எல்லாரும் கூடி முடிவு செய்திருக்கிறார்களாம். சாத்தூரில் நடந்த தாக்குதல் என்றால் நான்தான். மொட்டைத் தலையோடு இருந்ததால் என்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முதல் கடை நோட்டீஸைக் கிழித்தேன். இரண்டாவது கடையில் கிழிக்கக் கை வைத்தபோது, வாசலில் வால்வு கழற்றிக்கொண்டிருந்த ஆள் எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். திருப்பி அடிக்காமல் வந்துவிட்டேன். வயசாகிறதோ என்னவோ.

தூங்கினாலும் முழித்தாலும் கணக்கு ஓடுகிறது. வெறும் வண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரம். சாமான் எண்ணூறு. இரும்பு ஆயிரத்து எண்ணூறு. காளி ஐம்பத்தெட்டு. மொத்தம் நாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தெட்டு. ஜெயசிங்கின் டயர் மூவாயிரத்து அறுநூறு தாங்கும். இதைக் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது.

ஏப்ரல் 30

ஜெயசிங் வீட்டுக்குப் போனேன். அவர் என் மேல் புகார் கொடுக்கவே இல்லை என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். எனக்கு அது பயமாக இருந்தது. ஏதோ திட்டம் வைத்திருக்கிறார், நேரில் போய் ஒரு மிரட்டு மிரட்டிவிட்டு வருவோம் என்று நினைத்தேன். இடுப்பில் ஸ்பேனரைச் செருகிக்கொண்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேல் பல்லையும் கீழ் பல்லையும் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் என்னைப் பார்த்ததும் கத்தினாள். "ஏன் வந்த? மிச்சத்தையும் ஒடைக்கவா? மனுசன் ராத்திரியெல்லாம் தூங்காம, நாம குடுத்த டயருல என்ன கொறைன்னு யோசிச்சிக்கிட்டுக் கெடக்காரு, தெரியுமா?"

அவர் கையைக் காட்டி அவளை அமர்த்தினார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதி என்னிடம் நீட்டினார். "புகார் குடுக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எவ்வளவு ஏத்தினீங்க?"

தாளைக் கசக்கிப் போட்டேன். ஸ்பேனரை உருவினேன். அந்த அம்மாள் வந்து அவர் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். அவர் அவளை விலக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியை அடித்து நொறுக்கிவிட்டு வெளியே வந்தேன். ஏதாவது ஒன்றை உடைக்காமல் என்னால் அங்கிருந்து வந்திருக்க முடியாது.

மே 2

டயர் கிடைத்துவிட்டது!

திருமங்கலத்தில் ரோஸ்லின் என்று ஒரு அம்மாள் கடை வைத்திருக்கிறாள். ஐம்பது வயதிருக்கும். நைட்டி மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளே டயர் கழற்றுகிறாள். இங்கேயும் அதே கேள்வி. அந்தக் கேள்வியோடு சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

"நாலரை டன்னு" என்றேன். சொன்னதும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது.

அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நாலு சக்கரத்துலயா? அப்ப நூத்திப்பதினெட்டு நம்பர் போடணும். ஒண்ணு ஆயிரத்து முந்நூத்தி இருவது தாங்கும். நாலுக்கு அஞ்சாயிரத்து எரநூத்தி எம்பது. ரிம்மும் மாத்தணும், பழசுல இது ஒக்காராது. அச்சு?"

"பழைய லாரி அச்சு."

"அப்ப சரி. காத்து கொறைஞ்சா தாங்குற பாரமும் கொறஞ்சிரும், கிளம்பும்போது பாத்துக்கங்க. அப்புறம் ஒண்ணு அண்ணே, எல்லாத்தையும் ஒரே பக்கமா ஏத்தீராதீக. பாரம் பூராவும் ரெண்டு டயரு மேல விழும். எத்தன நம்பரு போட்டாலும் வெடிக்கும்."

"தெரியும்" என்றேன்.

சீட்டையும் பேனாவையும் கொடுத்து எடையை எழுதச் சொன்னாள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி எதுவும் வெடிக்காது. இரும்பை இரண்டு கட்டிலுக்கு அடியிலும் சரிபாதியாக அடுக்குவேன், பதினெட்டு, பதினெட்டு. சந்தனமாரி மேலே நிம்மதியாகத் தூங்கலாம்.

மே 4

காலையிலேயே நாலு டயரையும் மாட்டிவிட்டோம். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. சந்தனமாரி தலைக்குக் குளித்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறாள். எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.

மே 8

சாத்தூர் அரசு ஆஸ்பத்திரி. இடது கையால் எழுதுகிறேன், இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

அன்று அவள் ஷெட்டுக்கு வந்து ஒவ்வொரு டயர் முன்னாலும் குத்தவைத்து உட்கார்ந்து, முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டுப் படித்தாள். "நாலுக்கு அஞ்சாயிரத்து எரநூத்தி எம்பது" என்றாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன். ரசீதைக் கேட்டாள். ரசீதோடு ரோஸ்லின் கொடுத்த எடைச் சீட்டின் நகலும் சேர்த்துக் குத்தியிருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ராட்டினத்துக்கு ஆள் ஏற்றும்போது அவள் உதடு லேசாக அசையும். அதே மாதிரி அசைந்தது.

"நாலாயிரத்து ஐநூத்தி அம்பத்தெட்டா?"

"ஆமா. அதுக்கு மேலயே தாங்குற டயராத்தான் எடுத்திருக்கேன்."

"வண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரம். சாமான் எண்ணூறு. மிச்சம் ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்தெட்டு யாரு மாமா?"

சவரிமுத்து கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஷெட்டுக்கு வெளியே போய்விட்டான். அவள் என்னைப் பார்க்கவில்லை, சீட்டையே பார்த்தாள்.

"முப்பத்தாறு இரும்பு ஆயிரத்து எண்ணூறு" என்றாள். சீட்டில் கடைசி இரண்டு எண்ணின் மேல் விரலை வைத்தாள். "அம்பத்தெட்டு எந்தம்பி. செத்தவனையும் ஏத்தி எழுதியிருக்கியே."

சந்தனமாரி, உன்னை லாரியில் அனுப்பினேனே, நீயாவது பிழைத்தாயே என்று ஏதோ உளறினேன். இரும்பை இனிமேல் இரண்டு பக்கமும் சரியாக வைப்பேன் என்றும் சொன்னேன்.

"இனிமேலுமா?" என்றாள். "எங்கட்டிலுக்கு அடியிலயா?"

சீட்டை வாங்கக் கை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

"எங்கையால அந்த டயர்க்காரர அடிக்க வச்சியே. செருப்பால அடிச்சேனே, பாவி." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நான் போன் பண்ணப்ப பஞ்சர்னு சொன்ன. நெஞ்சு மேல இருந்தத எடுத்து ஒளிச்சுக்கிட்டிருந்திருக்க. ஆம்புலன்சக் கூப்பிடாம. எத்தனாவது இரும்பு வரைக்கும் ஒன்னக் கூப்பிட்டான்?"

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பதிவேட்டில்கூட எழுதவில்லை. அவன் மேல் கிடந்தவை நாலு இரும்புதான். அந்த நாலையும் எடுத்ததும் மூச்சு விட்டான், மாமா என்றான். இதோ வர்றேன்டா, இதோ வர்றேன்டா என்று சொல்லிக்கொண்டே மற்றதையும் ஓடைக்குச் சுமந்தேன். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் மாமா என்றான்.

"பதினொண்ணு" என்றேன்.

சக்கர நட்டுக் கழற்றும் நீளக் குழாயை எடுத்தாள். நான் தடுக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. தடுத்தேன். தடுத்த கையில்தான் முதல் அடி விழுந்தது, முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. அடுத்தது முழங்கால். அப்புறம் விலா. அடிக்கும்போது அழவில்லை, திட்டவில்லை. எண்ணினாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு எண் சொன்னாள். பதினொன்று சொல்லிவிட்டுக் குழாயைக் கீழே வைத்தாள்.

மே 10

இங்கே சேர்த்த அன்று ஏட்டு ஒருவர் வந்து கேட்டபோது ஜாக்கி நழுவி வண்டி மேலே விழுந்துவிட்டது என்றேன். எழுதிக்கொண்டு போனார். பொய் சொல்வதில் எனக்குள்ள பழக்கம் அன்றைக்கு ஒருவருக்காவது உபயோகப்பட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலையில் சவரிமுத்து வீரபாண்டியிலிருந்து ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போனான். கட்டிலுக்கு ரொம்ப அருகில் வரவில்லை. என்னை அடித்த மறுநாள் முழுக்கச் சந்தனமாரி ஜெயசிங் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். அவர் சம்சாரம் கதவைத் திறக்கவே இல்லையாம். சாயங்காலம் அவரே வெளியே வந்து, ஒன்றும் எழுதிக் காட்டாமல், அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாராம். அதற்கடுத்த நாள் வேறு வேன் பிடித்து இரும்பை அதில் ஏற்றிவிட்டு, ராட்டினத்தையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம்.

"அவ எதுல போனா?" என்று கேட்டேன்.

"வீட்டு வண்டியிலதாண்ணே. லாரிக்கு வேற ஆளு போட்டுட்டு நாந்தான் டிராக்டர் ஓட்டுனேன். எடது கட்டில்ல படுத்துக்கிச்சு. நீங்க கேட்டா ஒண்ணு சொல்லச் சொன்னுச்சு. டயரு நல்லாத் தாங்குதாம். ஒங்க எடைய அதுல சேக்கலையாம்."

அவன் போன பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அழுதேன். காளிக்காக அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

மத்தியானம் நர்ஸிடம் சொல்லி ஏட்டை வரச் சொன்னேன். ஜாக்கி சமாச்சாரத்தில் கையெழுத்து வாங்குவதற்காக என்று நினைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அதை ஓரமாக வையுங்கள், ஏப்ரல் பதினொன்றாம் தேதி என்று தலைப்புப் போடுங்கள் என்றேன். ஜெயசிங் கொடுத்தது புது டயர் என்பதை முதலில் எழுதச் சொன்னேன். வண்டியில் எவ்வளவு எடை இருந்தது என்பதை அடுத்து எழுதச் சொன்னேன். அப்புறம் முதல் இரும்பிலிருந்து ஆரம்பித்தேன், எந்த இடத்தில் கிடந்தது, தூக்கும்போது காளி என்ன சொன்னான் என்று ஒவ்வொன்றாக. பதினோராவது இரும்பில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எழுதுங்க சார்" என்றேன். "இன்னும் இருவத்தஞ்சு இருக்கு."